வீட்டு ஸ்டூடியோ மிக்ஸிங்: காது ஏமாறும் இடங்கள்

தனித்தனியாகப் பதிவு செய்த குரலையும் கருவிகளையும் ஒரே பாட்டாகச் சேர்ப்பதுதான் மிக்ஸிங். ராத்திரி இரண்டு மணிக்கு மிக்ஸை முடித்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்ற திருப்தியோடு தூங்கப் போவேன். காலையில் அதே பாட்டைக் காரில் போட்டால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, கதவையே அதிர வைக்கும். குரல் எங்கோ பின்னால் நின்று பாடும். இப்படியே பல மாதங்கள் போயின. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு ப்ளகின் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்) தேடினேன். அலைவரிசைகளை ஏற்றி இறக்கும் ஈக்யூ, சத்தத்தின் உச்சிகளை அமுக்கும் கம்ப்ரஸர் என்று சேர்ந்துகொண்டே போனதே தவிர, காரில் கேட்டால் அதே கதைதான். பாட்டை நான் கேட்ட விதமே கோணலாக இருந்தது என்று புரிய வெகு நாளானது. வீட்டில் மிக்ஸ் செய்கிறவர்களின் தவறுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் தோன்றுகிறது: கை தப்பு செய்வது குறைவு, காது ஏமாந்துபோவதுதான் அதிகம்.

அறை சொல்லும் பொய்

ஸ்பீக்கரிலிருந்து வருவதை அப்படியே கேட்கிறோம் என்று நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் ஸ்பீக்கரோடு சேர்ந்து அறையும் ஒலிக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகிறது. அறையின் நீளம் 3.4 மீட்டர் என்றால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 50 ஹெர்ட்ஸ் அலையில் சரிபாதி கச்சிதமாகப் பொருந்திவிடும். அப்புறம் அந்த ஒலி சுவரோரத்தில் பூதாகரமாகக் கேட்கும். அறையின் நட்டநடுவில் ஏறக்குறைய காணாமலே போய்விடும்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். 50 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை (ஒரே அலைவரிசை மட்டும் உள்ள ஒலி) விடாமல் ஓடவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்து பின்சுவர்வரை மெதுவாக நடந்து பாருங்கள். ஓரிடத்தில் ஒலி வயிற்றில் வந்து இடிக்கும், இரண்டு அடி தள்ளினால் வடிந்துவிடும். அப்படியே 40, 60, 80 என்று மாற்றிக்கொண்டே போங்கள். முதல் தடவை செய்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை. நான் நாற்காலி போட்டிருந்த இடம் சரியாக அறையின் நடு. அங்கே உட்கார்ந்து, கேட்காத பேஸைக் கேட்பதற்காக ஃபேடரை (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் நகர்த்தியை) ஏற்றிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

அதனால் நடுவில் உட்காராதீர்கள், பின்சுவரில் முதுகை ஒட்டியும் உட்காராதீர்கள். முன்சுவரிலிருந்து அறை நீளத்தில் 38 சதவீதம் தள்ளி உட்காருவது என்று ஒரு கணக்கு உண்டு. அது தொடக்கப் புள்ளி மட்டும்தான், அங்கிருந்து முன்னே பின்னே நகர்த்திக் கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் தலையும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். ட்வீட்டர் (ஸ்பீக்கரில் உயர்ந்த ஒலியைத் தரும் சின்னப் பகுதி) காது உயரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது, மெல்லிய ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டுவது. பார்க்க ஸ்டூடியோ மாதிரியே இருக்கும். ஆனால் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஃபோம் ட்ரெபிளை, அதாவது உயர்ந்த ஒலியை, மட்டும்தான் உறிஞ்சும், பேஸ் அதன் போக்கில் தாண்டிப் போய்விடும். மேலே மந்தம், கீழே முழக்கம் என்று அறை முன்பைவிட மோசமாகிறது. அறை மந்தமாக இருப்பதால் மிக்ஸில் ட்ரெபிளை ஏற்றுவீர்கள், அது வெளியில் காதைக் குத்தும். பேஸை அடக்க 10, 15 சென்டிமீட்டர் தடிமனான ராக்வூல் (கல்லிழைக் கம்பளி) பலகைகள் வேண்டும். முதலில் அறையின் மூலைகளில் வையுங்கள், பேஸ் அழுத்தம் அங்கேதான் குவிகிறது.

அறையைச் சரிசெய்யவே வழியில்லை என்றால் நல்ல ஹெட்ஃபோனில் மிக்ஸ் செய்வதில் தவறில்லை. ஹெட்ஃபோனில் இடது, வலது பிரிவு மிகையாகத் தெரியும் என்பதை மட்டும் மனதில் வைத்து, ஸ்பீக்கரிலும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

சத்தம் கூடினால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்

1933-இல் ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மனிதக் காது எந்த அலைவரிசையை எவ்வளவு சத்தமாக உணர்கிறது என்று அளந்து வெளியிட்டார்கள். குறைந்த சத்தத்தில் காதுக்கு பேஸ் சரியாக எட்டாது. சத்தம் ஏற ஏறத்தான் பேஸ் நிறைந்து கேட்கும். என் காரில் நடந்ததற்கு இன்னொரு காரணம் இது. வீட்டில் எல்லோரும் தூங்கும் நேரம் என்று ஸ்பீக்கரை மிகவும் குறைத்து வைத்திருந்தேன். பேஸ் போதவில்லை என்று தோன்றியது, ஏற்றினேன். காரில் சாதாரண சத்தத்தில் போட்டதும் அது கொட்டியது. இதற்கு நேர்மாறாக அலறவிட்டு மிக்ஸ் செய்கிறவர்களும் உண்டு. அவர்கள் பாட்டைக் குறைந்த சத்தத்தில் கேட்டால் சப்பென்று இருக்கும்.

சின்ன அறைக்கு 75 டெசிபல் அளவு போதும். ஃபோனில் உள்ள ஒலிமானிச் செயலியே இதற்குச் சரியாக இருக்கும். அந்த இடத்தில் வால்யூம் குமிழில் ஒரு சின்ன டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள். முக்கியமான முடிவுகளை எல்லாம் அந்த அளவில் கேட்டே எடுங்கள்.

இதைவிட நுட்பமான ஏமாற்று ஒன்று இருக்கிறது. குரல் ட்ராக்கில் ஒரு கம்ப்ரஸர் போடுகிறீர்கள். அது உச்சிகளை அமுக்கியபின் மொத்த அளவை 3 டெசிபல் ஏற்றிக் கொடுக்கிறது. உடனே குரல் முன்னால் வந்துவிட்டது, ப்ளகின் பிரமாதம் என்று தோன்றும். இப்போது அதன் அவுட்புட்டை அதே 3 டெசிபல் குறைத்து, கண்ணை மூடிக்கொண்டு ப்ளகினை அணைத்துப் போடும் பைபாஸ் பட்டனை மாற்றி மாற்றி அழுத்துங்கள். அணைத்து வைத்ததே நன்றாக இருக்கிறது என்று பல தடவை தெரியவரும். அட்டாக் நேரத்தை (கம்ப்ரஸர் அமுக்கத் தொடங்க எடுத்துக்கொள்ளும் நேரம்) ரொம்பக் குறைத்து வைத்ததால் சொற்களின் முதல் எழுத்துகள் மழுங்கியிருக்கும். சத்தம் ஏறியதால் அது உங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். சத்தத்தைச் சமன் செய்யாமல் எந்த ப்ளகினையும் மதிப்பிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க வைத்துக்கொள்ளும் பாட்டுக்கும் இதே விதிதான். வெளிவந்த பாட்டு மாஸ்டரிங் (வெளியிடுமுன் செய்யும் கடைசி மெருகு) முடிந்து சத்தமாக இருக்கும். அதை இறக்கி உங்கள் மிக்ஸுக்குச் சமமாக வைத்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

சோலோ பட்டன்

ஒவ்வொரு ட்ராக்கையும் தனியாகக் கேட்டு அழகுபடுத்துவது பெரிய ஆசை. அக்கூஸ்டிக் கிட்டாரைச் சோலோவில் போட்டால் அடிப்பகுதி நிறைந்து, மரத்தின் கனத்தோடு கேட்க வேண்டும் என்று விரும்புவோம். எல்லாவற்றையும் சேர்த்து ஓடவிட்டால் அதே கனம் 100 முதல் 300 ஹெர்ட்ஸ் வரை பேஸ் கிட்டாரோடும் பாடகரின் குரலோடும் முட்டிக்கொள்ளும். மொத்தப் பாட்டும் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும்.

பாட்டு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே கிட்டாரில் ஹைபாஸ் ஃபில்டரை (குறித்த அளவுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டுவது) போட்டு, 150 ஹெர்ட்ஸ் பக்கம் மெல்ல ஏற்றிப் பாருங்கள். குரல் தெளியும் இடத்தில் நிறுத்துங்கள். இப்போது கிட்டாரை மட்டும் கேட்டால் ஒல்லியாக, நோஞ்சானாக இருக்கும். இருக்கட்டும். கேட்பவர்கள் யாரும் அதைத் தனியாகக் கேட்கப் போவதில்லை. டக் என்று வரும் சத்தம், எடிட் வெட்டு போன்றவற்றைக் கண்டுபிடிக்கத்தான் சோலோ பட்டன்.

ஈக்யூவில் 10 டெசிபல் ஏற்றி, இடமும் வலமும் ஓட்டி, அசிங்கமாகக் கேட்கும் இடங்களையெல்லாம் வெட்டுகிற பழக்கமும் வேண்டாம். 10 டெசிபல் ஏற்றினால் எந்த இடமும் அசிங்கமாகத்தான் கேட்கும். குறை என்ன என்று முதலில் காதுக்குத் தெரிய வேண்டும், அப்புறம்தான் தேட வேண்டும்.

மிக்ஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று ரெக்கார்ட் செய்வது

பார்த்துக்கொள்ள முடியாது. குரலோடு சேர்ந்து பதிவான அறை எதிரொலியைக் கம்ப்ரஸர் இன்னும் மேலே தூக்கிக் காட்டும். பலர் மைக்குக்குப் பின்னால் மட்டும் ஃபோமை வைக்கிறார்கள். கார்டியாய்டு மைக் (முன்பக்க ஒலியையே அதிகம் எடுக்கும் வகை) பாடகரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது, அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரிலிருந்து திரும்பி வரும் ஒலியும் நேராக அதற்குள் போகிறது. கனமான கம்பளியை அங்கே தொங்கவிடுங்கள். வாய்க்கும் மைக்குக்கும் 15, 20 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். இன்னும் நெருங்கினால் பேஸ் ஊதிக்கொள்ளும்.

லெவலைச் சிவப்புக்குப் பக்கத்தில் வைத்துப் பதிவு செய்யவும் தேவையில்லை. 24 பிட் பதிவில் மிக மெல்லிய ஒலிக்கும் உச்சவரம்புக்கும் நடுவே கோட்பாட்டளவில் 144 டெசிபல் இடம் இருக்கிறது. உச்சவரம்பு 0 டெசிபல்; உச்சி மைனஸ் 12, மைனஸ் 10 டெசிபலில் நின்றாலே தாராளம். ஒரு உணர்ச்சிகரமான வரியில் பாடகர் திடீரென்று ஓங்கிப் பாடும்போது கிளிப் ஆகிவிட்டால் (உச்சவரம்பைத் தாண்டி ஒலி சிதைந்துவிட்டால்), அந்த உணர்வு திரும்பக் கிடைப்பது கஷ்டம்.

கடைசியில் இன்னும் சில

கிட்டாரை அகலமாக்க ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) நகலெடுத்துச் சில மில்லிசெகண்ட் தள்ளி வைப்பார்கள். ஸ்டீரியோவில் பிரமாண்டமாக இருக்கும். இரண்டு பக்கத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் மோனோ பட்டனை அழுத்தினால் இரண்டும் ஒன்றையொன்று தின்று, கிட்டார் குழாய்க்குள் போய்விடும். அதற்குப் பதில் இரண்டு தடவை வாசித்துப் பதிவு செய்யுங்கள். மிக்ஸ் முடியும்வரை அவ்வப்போது மோனோவில் கேளுங்கள்.

மாஸ்டரில் (மொத்தப் பாட்டும் போகும் கடைசி ட்ராக்கில்) உச்சிகளை ஓர் அளவோடு நிறுத்தும் லிமிட்டரைப் போட்டு நசுக்கிச் சத்தமாக்குவதால் லாபம் குறைவு. ஸ்பாட்டிஃபையும் யூடியூப்பும் ஏறத்தாழ மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காது உணரும் சராசரிச் சத்தத்தின் அலகு) அளவுக்குப் பாட்டைக் குறைத்துத்தான் ஒலிக்கவிடுகின்றன. நசுக்கியது மட்டும் அப்படியே தங்கிவிடும். ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சி) மைனஸ் 1 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எழுந்து வெளியே போய்விட்டு வாருங்கள். களைத்த காது எப்போதும் இன்னும் கொஞ்சம் ட்ரெபிள் வேண்டும் என்று கேட்கும். ராத்திரி முடித்த மிக்ஸைக் காலையில் உடனே ஸ்பீக்கருக்கு எதிரில் உட்கார்ந்து கேட்காதீர்கள். ஓடவிட்டுவிட்டு, கதவைத் திறந்து வைத்து, பக்கத்து அறையில் ஏதாவது வேலை பாருங்கள். பாட்டின் சொற்கள் புரிகின்றனவா, ஸ்னேர் ட்ரம் மட்டும் துருத்திக்கொண்டு வருகிறதா என்று அங்கிருந்து சட்டென்று தெரிந்துவிடும். தோன்றியதைத் தாளில் எழுதிக்கொண்டு, அப்புறம் மவுஸைத் தொடுங்கள்.