துக்கத்தை காத்திக் கவிதையா எழுதறது எப்படி

காத்திக் (Gothic) கவிதைன்னா இருட்டு, சாவு, இழப்புன்னு சோகமும் பயமும் கலந்து எழுதறது, அதுக்காக மண்டை ஓடு, வௌவால், ரத்தம்னு அடுக்கிடாதீங்க, அது பயமுறுத்தும் ஆனா அழ வைக்காது. முதல்ல இழந்தவங்களோட கை உங்களுக்கு என்ன செஞ்சுதுன்னு எழுதுங்க. நம்ம தகடூர் (இப்போ தர்மபுரி) அரசன் அதியமான் செத்தப்ப ஔவையார் பாடினது புறநானூறு 235, அதுல நரந்தம் மணக்குற கையால புலால் நாறுற என் தலையை தடவிக் குடுப்பானேன்னு வருது பாருங்க, தர்மபுரிக்காரங்களுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. அதுல 'மன்னே'ன்னு, அதாவது அதெல்லாம் போச்சேன்னு ஏங்குற சொல், திரும்பத் திரும்ப வரும், 1845-ல எட்கர் ஆலன் போ வெளியிட்ட அண்டங்காக்கா கவிதையிலயும் பறவை 'Nevermore' (இனி ஒருபோதும் இல்லை)ன்னு ஒரே சொல்லைத்தான் சொல்லிட்டே இருக்கும், கேள்வி மாற மாற அந்தப் பதில் இன்னும் கனமாகும், ஸோ நீங்களும் ஒரு சொல்லைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு அதுக்கு முன்னாடி வர்றதை மட்டும் மாத்துங்க.

அடையாளத்துக்கு சீமைக் கல்லறை வேணாம். கிருஷ்ணகிரி பக்கம் காட்டோரமா நிக்குற நடுகல் போதும், கையில வாள், உடம்புல அம்பு, மேல பாதி அழிஞ்ச எழுத்து, நின்னு படிக்க ஆளில்லை. தனிமைன்னு சொல்லாம கல்லு மேல எண்ணெய் காஞ்சு கெடக்குறதை சொல்லுங்க. ராயக்கோட்டை மலைக்கோட்டையும் நல்லாத்தான் இருக்கும், ஆனா ஒரு கவிதைக்கு ஒரு அடையாளம் போதும். முடிச்சதும் சத்தமா படிங்க, தொண்டை அடைக்கிற எடத்துக்கு அப்புறம் ஒரு வரியும் சேக்காதீங்க.