வேப்பம்பூ: பொறுக்குவது முதல் ரசத்தில் போடுவது வரை

பங்குனி பிறந்தால் எங்கள் அரசலாற்றங்கரை வேப்பமரங்கள் வெள்ளை பூத்துவிடும். ஆற்றில் மணல்தான் இருக்கும். வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சமயத்தில் நாலைந்து நாள் மெனக்கெட்டால், வருஷம் முழுக்க வீட்டில் வேப்பம்பூ இருக்கும். கடையில் வாங்குவதில் பாதி காம்புதான்.

மரத்தைப் பாருங்கள். பூ சின்னதாக, வெள்ளையாக, ஐந்து இதழோடு, லேசான தேன் வாசனையோடு இருக்க வேண்டும். ஊதா சாயல் அடித்தால் அது வேறு வகை. சமையலுக்கு ஆகாது, தொடவேண்டாம். சாலையோர மரமும் வேண்டாம், தூசி போகாது. கொல்லையில் நிற்கும் மரமே போதும்.

வேட்டி விரியுங்கள். சாயங்காலமே மரத்தடியைப் பெருக்கிவிட்டு, பழைய வேட்டியை விரித்து நான்கு மூலையிலும் கல் வையுங்கள். இரவெல்லாம் பூ தானாக உதிரும். கிளையை உலுக்காதீர்கள், எறும்பும் மொட்டும் சேர்ந்து கொட்டும். காலையில் பனி ஈரம் காய்ந்ததும் வாரி, முறத்தில் புடைத்து, காம்பு, இலைத் துணுக்குகளைப் பொறுக்கி எடுங்கள்.

காயவையுங்கள். எல்லோரும் கோட்டை விடுவது இங்கேதான். முதல் நாள் நிழலில் பரப்புங்கள், அப்புறம் இரண்டு மூன்று நாள் நல்ல வெயில். மேலே மெல்லிய துணி போட்டுக் கட்டாவிட்டால் பங்குனிக் காற்றில் பாதி பக்கத்து வீட்டுக்குப் போய்விடும். பொழுது சாய்ந்ததும் உள்ளே எடுத்து வைக்க வேண்டும்.

முதல் வருஷம் நான் நிறம் மாறியதுமே காய்ந்துவிட்டது என்று பாட்டிலில் அடைத்தேன். ஆனி மாசம் திறந்தால் பூஞ்சை வாடை. மொத்தமும் குப்பைக்குப் போனது. இதழ் காய்ந்தாலும் பூவின் அடிப்பகுதியில் ஈரம் தங்கியிருக்கும். "கையில கசக்கிப் பாரு, தூளாகலைன்னா இன்னும் ஒரு நாள் போடு" என்பார் எங்கள் அப்பாயி. அதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியவில்லை. வெயிலில் இருந்து எடுத்த சூட்டோடும் அடைக்காதீர்கள். ஆறிய பிறகு கண்ணாடி பாட்டிலில் போடுங்கள். ஐப்பசி அடைமழை வருமுன், புரட்டாசியில் ஒரு நாள் வெயில் காட்டி எடுத்தால் தை தாண்டியும் நிற்கும்.

சிலர் உப்புப் போட்ட மோரில் ஊறவைத்து வத்தலாகக் காயவைப்பார்கள். அது தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொள்ள நன்றாக இருக்கும்.

ரசம் வையுங்கள். நான்கு பேருக்கு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து, உப்பு, மஞ்சள்தூள், பெருங்காயம் சேர்த்துப் பச்சை வாசனை போகக் கொதிக்கவிடுங்கள். ஒரு தேக்கரண்டி துவரம்பருப்பு, மூன்று வரமிளகாய், கடுகு, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டி, தண்ணீர் விளாவி, நுரை கட்டியதும் இறக்குங்கள். ரசப்பொடி வேண்டாம், வேப்பம்பூ வாசனையை அமுக்கிவிடும்.

கடைசியாக நெய்யில் ஒரு மேசைக்கரண்டி வேப்பம்பூ. சிறு தீயில், கரும்பழுப்பு ஆகும்வரை வறுக்க வேண்டும். கருகிவிடுமோ என்று பயந்து பொன்னிறத்தில் எடுத்தால் கசப்பு நாக்கிலேயே நிற்கும். ரசத்தில் கொட்டி மூடுங்கள். மறுபடி கொதிக்கவிடாதீர்கள், கசப்பு முழுக்க ரசத்தில் இறங்கிவிடும்.

உடம்புக்கு என்ன? கசப்பு பட்டால் எச்சில் ஊறும், பசி எடுக்கும். காய்ச்சல் விட்டு நாக்கு செத்துக் கிடக்கும்போது இந்த ரசம் ஒரு வாய் இறங்கினால் அடுத்த வாய் கேட்கும். பித்தம் தணியும், குடல் பூச்சி போகும் என்பது வீட்டு வைத்தியம். அதற்காக மாத்திரையை நிறுத்தாதீர்கள். கர்ப்பிணிகள் தவிர்ப்பது நல்லது. சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்கள் தினமும் சாப்பிடுவதாக இருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். பூதானே சாப்பிடுகிறோம் என்று குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டிவிடாதீர்கள், அது விஷமாகிவிடும்.

பாட்டில் அடியில் தங்கும் தூளைக் கொட்டாதீர்கள். நெய்யில் வறுத்து, வறுத்த துவரம்பருப்பு, மிளகாய், உப்போடு பொடித்து வைத்தால், குழம்பு வைக்கச் சோம்பலான நாளில் சுடுசாதத்துக்கு ஆயிற்று.