விழுங்கச் சிரமப்படும் பிள்ளை: உணவுக்குழாய் ஒவ்வாமையா, குடல் அழற்சியா?

முதலில் சாப்பிடும் விதத்தைக் கவனியுங்கள். ரொட்டி சானாயையும் கோழியையும் நெடுநேரம் மென்று, ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்து விழுங்கும் பிள்ளைக்கு ஒவ்வாமையால் வரும் உணவுக்குழாய் அழற்சி இருக்கலாம். ஆஸ்துமா, எக்சிமாவும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். சின்னக் குழந்தையிடம் வாந்தியும் சாப்பிட மறுப்பதும்தான் தெரியும்.

குரோன் நோய் (செரிமானப் பாதையில், பெரும்பாலும் குடலில் வரும் நீடித்த அழற்சி) என்றால் வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, மலத்தில் இரத்தம், தூக்கத்தைக் கெடுக்கும் வயிற்றுவலி, ஆசனவாய் வெடிப்பு, எடை குறைதல். ஆனால் அது உணவுக்குழாயையும் தாக்கும். அறிகுறியை மட்டும் நம்பாதீர்கள்.

மலத்தில், குடல் அழற்சியைக் காட்டும் கால்புரோடெக்டின் என்ற புரதம் கிராமுக்கு 250 மைக்ரோகிராமைத் தாண்டினால் குடலைப் பார்த்தே ஆகவேண்டும். ஐபுபுரோபெனும் கிருமித்தொற்றும்கூட அதை ஏற்றிவிடும், முன்பே சொல்லிவிடுங்கள்.

தீர்மானிப்பது எண்டோஸ்கோப்பிதான் (கேமரா குழாயை உள்ளே விட்டுப் பார்க்கும் சோதனை). ஒவ்வாமை அழற்சி திட்டுத்திட்டாக இருப்பதால், உணவுக்குழாயின் வெவ்வேறு உயரங்களில் குறைந்தது 6 திசுத்துணுக்குகள் எடுக்கவேண்டும், ஒன்றிரண்டில் தவறிவிடும். நுண்ணோக்கியின் ஓர் உயர்திறன் புலத்தில் (ஒரே பார்வையில் தெரியும் பரப்பு) ஈயோசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் 15-க்குக் குறையாமல் இருந்தால் ஒவ்வாமைப் பக்கம் சாயலாம். குரோனிலும் இந்த அணுக்கள் தென்படுவதுண்டு. கிரானுலோமா (அழற்சி அணுக்கள் திரண்ட சிறு முடிச்சு) தெரிந்தால் குரோன் சந்தேகம் வலுக்கும். காசநோயும் அப்படியே காட்டும், மலேசியாவில் அதையும் சோதித்தே ஒதுக்கவேண்டும்.

பலரும் செய்யும் தவறு: சோதனைக்கு முன்பே பாலையும் கோதுமையையும் நிறுத்துவது. அழற்சி தணிந்து, நோய் இல்லை என்று முடிவு வந்துவிடும்.

கோலாலம்பூரில் அரசு கிளினிக்கில் குழந்தைகள் குடல் நிபுணருக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். எடை, உயரப் பதிவுகளையும் கொண்டுபோங்கள். உணவு சிக்கி எச்சிலைக்கூட விழுங்க முடியாவிட்டால் காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.