பானையின் வளைவில் புள்ளிக் கோலம்: பிளெண்டரில் முதல் பயிற்சி

தக்கலையில் பொங்கலுக்கு முந்தைய நாள் அம்மா புதுப்பானையை மடியில் சாய்த்து, இடக்கையால் சிறிது சிறிதாகச் சுழற்றியபடியே மாக்கோலம் இடுவார். உருண்ட பரப்பைச் சிதைவில்லாமல் தட்டையாக விரிக்க இயலாது என்று 1827இல் ஜெர்மன் கணிதவியலாளர் காஸ் கணித முறையில் நிறுவினார். தாளில் போட்ட கோலம் பானை வயிற்றில் படியாததற்கு அதுவே காரணம். ஆகவே திரையிலும் பானையின் மேலேயே வரைவோம். இதற்கு முப்பரிமாண உருவங்களை உருவாக்கும் இலவச மென்பொருளான பிளெண்டர் போதும்.

முதலில் கணக்கு. வயிற்றின் சுற்றளவு 90 செ.மீ., கழுத்தின் சுற்றளவு 45 செ.மீ. என்று கொள்வோம். சுற்றிலும் 18 புள்ளிகள் வைத்தால், வயிற்றில் 5 செ.மீ. இடைவெளியும் கழுத்தில் 2.5 செ.மீ. இடைவெளியும் வரும். கழுத்தை நெருங்க நெருங்க, வரிசைகளுக்கு இடையேயுள்ள உயரத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால்தான் சிக்குக் கோலத்தின் வளையங்கள் இழுபடாமல் நிற்கும்.

முன்பக்கப் பார்வையில் பானையின் பாதி விளிம்பை மட்டும் வரைந்து, ஸ்பின் கருவியால் இசட் அச்சைச் சுற்றி 20 பாகை (முழுச் சுற்றான 360இல் 18இல் ஒரு பங்கு), 4 படிகளாகச் சுழற்றுங்கள். பூசணிக்கீற்றுப் போன்ற ஒரு பட்டை கிடைக்கும். அதை முழுவதும் தேர்ந்தெடுத்து, யூ விசையை அழுத்தி, பரப்பைப் படத்துக்காக விரிக்கும் அன்ராப் கொடுங்கள். பிறகு ஆப்ஜெக்ட் நிலைக்கு வந்து கன்ட்ரோல், ஏ விசைகளால் ஸ்கேலை (அளவு விகிதத்தை) நிலைப்படுத்துங்கள். இதை விட்டுவிட்டால் நகல்கள் அளவு மாறி வரக்கூடும். மையத்தில் ஓர் எம்ப்டியை (உருவமின்றி இடத்தை மட்டும் குறிக்கும் பொருளை) வைத்து இசட் அச்சில் 20 பாகை திருப்பி, பட்டைக்கு நகல்களை அடுக்கும் அரே மாடிஃபையரைச் சேர்த்து, அதில் எண்ணிக்கையை 18 ஆக்கி, ரிலேட்டிவ் ஆஃப்செட்டை நீக்கிவிட்டு, ஆப்ஜெக்ட் ஆஃப்செட்டில் அந்த எம்ப்டியைக் காட்டினால் முழுப்பானை உருவாகும்.

இனி, பரப்பின் மேலேயே வண்ணம் தீட்டும் டெக்ஸ்சர் பெயின்ட்டில் 2048 பிக்சல் அளவுள்ள புதுப் படத்தைச் சேர்த்து, காவி நிறத்தால் நிரப்பி, முதல் பட்டையில் வெள்ளைக் கோடு இழுங்கள். பதினெட்டுப் பட்டைகளும் ஒரே படத்தைப் பகிர்வதால், அந்தக் கோடு பானை முழுவதும் அதே நொடியில் தோன்றும். முதன்முதலாக இதைப் பார்க்கும்போது உண்டாகும் மகிழ்ச்சி இன்றும் எனக்குக் குறையவில்லை.

பொறுமை வேண்டிய இடம் பட்டையின் ஓரம். புள்ளியைப் பட்டையின் நடுவில் வையுங்கள். கோடு வலது ஓரத்தில் எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் வெளியேறுகிறதோ, அதே உயரத்திலும் சாய்விலும் இடது ஓரத்தில் நுழைய வேண்டும். மயிரிழை விலகினாலும் சுற்றிலும் பதினெட்டு இடங்களில் கோடு அறுந்து தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் பின் பானையைத் திருப்பி, பொருத்தை அருகில் கொண்டுவந்து பாருங்கள்.

கை பழகிய பின் பத்மநாபபுரம் அரண்மனைக்குச் சென்று, பூமுகம் எனப்படும் முகப்பு மண்டபத்தின் மேற்கூரையில் செதுக்கியுள்ள மரப்பூக்களில் ஒன்றை இப்படிப் பட்டைக்குள் அடக்கிப் பாருங்கள்.

வரைந்த படத்தை இமேஜ் பட்டியலுக்குச் சென்று தனியாகச் சேமியுங்கள். பிளெண்டர் கோப்பை மட்டும் சேமித்துவிட்டு, ஒரு மாலை முழுவதும் போட்ட கோலத்தை நான் இழந்திருக்கிறேன்.