ஆக்ஸ்ஃபோர்டின் ஜெரிக்கோ: ஜி.யு. போப் கல்லறையும் சுற்றுவட்டாரமும் ஒரே நாளில் நடந்து பார்ப்பது எப்படி?

ஆக்ஸ்ஃபோர்டு போகிற நம்மவர்கள் பெரும்பாலும் கல்லூரி வாசலில் நாலு படம், பாலத்தடியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு மாலை ரயிலைப் பிடித்துவிடுகிறார்கள். என் கட்சி வேறு. தமிழ் தெரிந்தவர் ஆக்ஸ்ஃபோர்டில் முதலில் கால்வைக்க வேண்டிய இடம் ஜெரிக்கோ. மிச்ச நேரம் இருந்தால் கல்லூரிகள்.

பழைய நகர மதிலுக்கு வெளியே, வடமேற்கில், வால்டன் தெருவுக்கும் கால்வாய்க்கும் நடுவில் 19-ஆம் நூற்றாண்டில் பெருகிய தொழிலாளர் பேட்டை இது. 1790-இல் கால்வாய் வந்தது, 1830-இல் பல்கலைக்கழக அச்சகம் இங்கே இடம் மாறியது, பக்கத்திலேயே இரும்பு வார்ப்படச் சாலையும் வந்தது. அச்சுக்கோப்பவர்களுக்கும் வார்ப்படத் தொழிலாளிகளுக்கும் கட்டிய சின்னஞ்சிறு செங்கல் வீடுகள் இன்றும் வரிசையாக நிற்கின்றன. இப்போது அவற்றின் விலையைக் கேட்டால் தலை சுற்றும், அது வேறு கதை.

நமக்கு முக்கியம் இதுதான்: போப் ஐயரின் நாலடியார் (1893), திருவாசகம் (1900) இரண்டு மொழிபெயர்ப்பும் தமிழ் மூலத்தோடு, அந்தப் பல்கலைக்கழக அச்சகத்தின் இன்னொரு பெயரான கிளாரண்டன் அச்சக வெளியீடாக வந்தவை. அந்த அச்சகம் வால்டன் தெருவில். அவர் அடக்கமானதும் அதே தெருவை ஒட்டித்தான். இரண்டுக்கும் நடுவே பத்து நிமிட நடைகூட இல்லை.

1. கிளம்புமுன்

லண்டனிலிருந்து ரயிலா பேருந்தா என்று கேட்டால் ரயில்தான். பேடிங்டனில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். மேரிலபோனிலிருந்தும் வண்டி உண்டு. பேருந்து மலிவு, ஆனால் நெரிசலில் மாட்டினால் பகல் போய்விடும். ஒன்றே ஒன்று: லண்டனுக்குள் தட்டுகிற ஆய்ஸ்டர் அட்டையைத் தட்டிவிட்டு ஆக்ஸ்ஃபோர்டு வரை வந்துவிடாதீர்கள். அது இங்கே செல்லாது, தனிச் சீட்டு வாங்க வேண்டும். கார் வேண்டவே வேண்டாம். ஜெரிக்கோவின் தெருக்களில் குடியிருப்பவர்களுக்கே வண்டி நிறுத்த இடமில்லை.

கல்லறைத் தோட்டத்துக்கு அதைப் பராமரிக்கும் நண்பர்கள் குழு ஒன்று இருக்கிறது. செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டம் என்று தேடினால் அவர்களுடைய இணையதளம் கிடைக்கும். போப்புக்குத் தனிப் பக்கம், கல்லறையின் படம், தோட்டத்தின் வரைபடம் எல்லாம் அதில் உண்டு. அந்தப் பக்கத்தைத் தாளில் அச்செடுத்துக்கொள்ளுங்கள். கைபேசி வரைபடத்தின் நீலப் புள்ளி தெருவைக் கண்டுபிடிக்கப் போதும். நெருக்கமாக நிற்கும் நூற்றுக்கணக்கான கற்களுக்குள் அது நாலு கல் தள்ளித்தான் காட்டும். எந்தச் செயலியும் இங்கே காகிதத்துக்கு ஈடாகாது.

காலை மூடும் செருப்பு, முழுக்கால் சட்டை. ஏன் என்று நாலாவது படியில் சொல்கிறேன்.

2. ரயில் நிலையத்திலிருந்து வால்டன் தெருவுக்கு

நிலையத்தை விட்டு வந்து ஹைத் பிரிட்ஜ் தெரு, அதன் முடிவில் இடப்பக்கம் திரும்பி வூஸ்டர் தெரு, நேரே போனால் வூஸ்டர் கல்லூரியைத் தாண்டி வால்டன் தெரு. பதினைந்து நிமிட நடை. கால்வாய்க் கரையோரமாகவும் ஒரு பாதை இருக்கிறது, அழகானதும் அதுதான். ஆனால் கரைப்பாதை மேற்குக் கரையில், ஜெரிக்கோ கிழக்குக் கரையில். பாலம் தெரியாமல் நடந்தால் ஊர் எதிரே தெரியும், போக முடியாது. அதைத் திரும்பும்போது வைத்துக்கொள்வோம்.

3. அச்சகமும் தேவாலயமும்

வால்டன் தெருவில் நடந்தால் இடப்பக்கம் அரண்மனை மாதிரி நீண்ட முகப்பு ஒன்று வரும். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம். வாசலில் நின்று பார்க்கலாம், நினைத்தபோது உள்ளே நுழைய விடமாட்டார்கள். உள்ளே சிறு அருங்காட்சியகம் உண்டு, முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். அச்சடிப்பு 1989-இல் நின்றுவிட்டது. இன்று அலுவலகம் மட்டும்தான்.

எதிர்ப்பக்கம் தூண்கள் வைத்த பழைய தேவாலயம் இப்போது மதுக்கூடம். அதன் பின்னால் விரியும் புதிய பல்கலைக்கழக வளாகம் 1770 முதல் 2007 வரை இயங்கிய ராட்கிளிஃப் மருத்துவமனையின் இடம். பெனிசிலினை நோயாளி ஒருவருக்கு முதன்முதலில் சிகிச்சையாகக் கொடுத்துப் பார்த்தது அங்கேதான், 1941 பிப்ரவரி 12. ஆல்பர்ட் அலெக்சாண்டர் என்ற போலீஸ்காரர். நான்கைந்து நாளில் காய்ச்சல் இறங்கித் தேறிவந்தார். கையிருப்பு மருந்து அத்தோடு தீர்ந்தது. அவர் சிறுநீரிலிருந்தே மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள். அதுவும் போதாமல் மார்ச்சில் இறந்துபோனார். பழைய மருத்துவமனைக் கட்டடம் வுட்ஸ்டாக் சாலைப் பக்கம் இன்னும் நிற்கிறது.

அச்சகத்தை ஒட்டிய கிரேட் கிளாரண்டன் தெருவில் இறங்கிக் கால்வாய்ப் பக்கம் போனால் செயின்ட் பார்னபஸ் தேவாலயம், 1869. இங்கிலாந்தில் இத்தாலியக் கோயில் எப்படி வந்தது என்று தோன்றும். அச்சகத்தை நடத்திய தாமஸ் கோம்ப் தம் தொழிலாளர்களுக்காக ஆர்தர் புளும்ஃபீல்டைக் கொண்டு கட்டுவித்தது. கோம்ப் ஓவியர்களை ஆதரித்தவரும்கூட. அவர் வாங்கிய ஹோல்மன் ஹன்ட் ஓவியம், விளக்கேந்திக் கதவைத் தட்டும் கிறிஸ்து, கீபிள் கல்லூரி ஆலயத்தில் இருக்கிறது. தேவாலயம் திறந்திருந்தால் உள்ளே ஒருமுறை நிமிர்ந்து பாருங்கள், வெளிச்சுவரின் எளிமைக்கு உள்ளே நேர்மாறு. பத்து நிமிடம் போதும்.

4. கல்லறைத் தோட்டம் (எல்லாரும் தடுமாறும் இடம்)

மறுபடி வால்டன் தெருவுக்கு வந்து வடக்கே நடங்கள். ஜக்ஸன் தெருவைத் தாண்டியதும் இடக்கைப்பக்கம் வீடுகளுக்கு நடுவே ஒரு சந்து போல உள்ளே போகும் பாதை. கண்ணை உறுத்தும் பலகை எதுவும் கிடையாது. பேசிக்கொண்டே நடந்தால் தாண்டிப் போய்விடுவீர்கள். பாதையின் கோடியில் கல் வளைவு வைத்த காவல்மனை, அதற்குள் புகுந்தால் தோட்டம். கட்டணம் இல்லை, பகல் வெளிச்சம் உள்ளவரை திறந்திருக்கும்.

இதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. ஆக்ஸ்ஃபோர்டில் பழைய கல்லறைத் தோட்டங்கள் பல. வடமொழி அறிஞர் மாக்ஸ் முல்லர் இருப்பது ஹோலிவெல்லில். டோல்கீன் கல்லறையைத் தேடுபவர்கள் போவது ஊருக்கு வெளியே வுல்வர்கோட்டுக்கு. வெறுமனே "ஆக்ஸ்ஃபோர்டு கல்லறை" என்று தேடி முதலில் வருவதைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் உண்டு.

உள்ளே நுழைந்தபின்தான் உண்மையான சிக்கல். நம்மில் பலர் சிறு வயதிலேயே கேட்ட கதை: "இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்கிக்கொண்டிருக்கிறான்" என்று தம் கல்லறையில் எழுதச் சொன்னார் போப். பட்டிமன்ற மேடையில் கேட்டிருப்போம், பள்ளிக் கட்டுரையில் எழுதியிருப்போம். அந்த வரியைத் தேடிக்கொண்டே கல் கல்லாகப் பார்ப்பவர்கள் போப்பின் கல்லையே கடந்துவிடுகிறார்கள். ஏனென்றால் அந்த வரி கல்லில் இல்லை. தமிழ் எழுத்தும் இல்லை.

இருப்பது ஆங்கில வாசகம். தென்னிந்தியாவில் பணிபுரிந்தவர், இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் சமயகுரு என்று அவரைச் சொல்லி, குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் அன்போடு நாட்டிய கல் என்கிறது. அதாவது கதையின் ஒரு பாதி மெய். கல்லறைச் செலவில் தமிழர் பங்கு இருக்க வேண்டும் என்று அவர் விரும்பியதாகச் சொல்வார்களே, அந்தத் தமிழர் பங்குக்குக் கல்லே சாட்சி. என்னைக் கேட்டால், இல்லாத அந்த வரியைவிட இருக்கிற இந்த வரி மேல். கடல் தாண்டியிருந்த ஒரு கிழவரின் கல்லறைக்கு 1908-இல் அவர் இறந்தபின் யாரோ தமிழ்நாட்டில் காசு சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

ஆக, நீங்கள் தேட வேண்டியது ஜார்ஜ் அக்லோ போப் என்ற ஆங்கிலப் பெயரை. தோட்டம் பழைய நான்கு திருச்சபை வட்டாரங்களாகப் பிரிந்தது. அச்செடுத்த பக்கத்தில் எந்த வட்டாரம் என்று பார்த்து அந்தப் பகுதியை மட்டும் வரிசை வரிசையாகப் பாருங்கள். கோடையில் புல் இடுப்பளவு இருக்கும், அதற்குள் காஞ்சொறிச் செடியும் இருக்கும். முழுக்கால் சட்டை இதற்குத்தான்.

அவரைக் கண்டபின் உடனே திரும்பிவிடாதீர்கள். பேலியல் கல்லூரித் தலைவர் பெஞ்சமின் ஜோவெட்டும் இதே தோட்டத்தில்தான் இருக்கிறார். திருவாசகத்தை முடிக்க என் ஆயுள் போதாது என்று கல்லூரி முற்றத்தில் நடந்தபடி போப் சொன்னபோது, பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதுதான் நீண்டநாள் வாழ வழி, முடிக்கும்வரை இருப்பீர்கள் என்று சொன்னவர் ஜோவெட். போப்பே தம் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஜோவெட் 1893-இல் போய்விட்டார். போப் தம் எண்பதாம் பிறந்தநாளில், 1900 ஏப்ரல் 24 அன்று, அந்த முன்னுரைக்குத் தேதியிட்டார். செயின்ட் பார்னபஸைக் கட்டுவித்தாரே, அந்த தாமஸ் கோம்பும் அவர் மனைவி மார்த்தாவும் இங்கேயே.

மரியாதை செய்ய விரும்பினால் உதிரிப் பூ போதும். பிளாஸ்டிக் மாலை, கற்பூரம், தேங்காய் வேண்டாம். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று கல்லில் சாக்கட்டியோ மாவோ தேய்க்காதீர்கள், கல் அரித்துப்போகும். பக்கவாட்டில் வெயில் விழும் நேரத்தில் படம் எடுத்தால் எழுத்து தானே துலங்கும்.

5. போர்ட் மெடோ

வால்டன் தெருவின் வடகோடியில் வால்டன் வெல் சாலையில் இடப்பக்கம் திரும்பி, கால்வாயையும் ரயில் பாதையையும் பாலத்தில் கடந்தால் திடீரென்று வெட்டவெளி. நம்மூர் மேய்க்கால் புறம்போக்கு மாதிரி ஊர்ப் பொதுவான மேய்ச்சல் நிலம். 1086-ஆம் ஆண்டின் நிலக் கணக்கெடுப்பான டூம்ஸ்டே ஏட்டிலேயே இதன் மேய்ச்சல் பேச்சு வருகிறது, இன்றும் குதிரையும் மாடும் அவிழ்த்துவிட்டபடி மேய்கின்றன. ஏர் பூட்டாத மண். குதிரைக்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள், குழந்தைகளைப் பின்னங்காலுக்கு அருகே விடாதீர்கள்.

கட்டுச்சோறு பிரிக்க இதைவிட இடம் கிடையாது. வால்டன் தெருவில் உணவகங்களுக்குக் குறைவில்லை, ஆனாலும் என் ஓட்டு புளியோதரைக்குத்தான். தெம்பு இருப்பவர்கள் தேம்ஸைக் கடந்து பின்சி கிராமம் வரை போகலாம். அங்கே செயின்ட் மார்கரெட் தேவாலயத்தின் பழைய புண்ணியக் கிணறு உண்டு. 1862 ஜூலை 4-இல் லூயிஸ் கரோல் சிறுமிகளைப் படகில் ஏற்றி ஆலிஸ் கதையைச் சொல்லிக்கொண்டு போனது இந்த ஆற்றில்தான்.

6. திரும்பும் வழி

வால்டன் வெல் சாலைப் பாலத்தருகே கால்வாய்க் கரைப்பாதையில் இறங்கித் தெற்கே நடங்கள். வண்ணமடித்த குறுகிய படகுவீடுகள், எதிர்க்கரையில் செயின்ட் பார்னபஸ் கோபுரம். பாதை ஹைத் பிரிட்ஜில் போய் முடியும், ரயில் நிலையம் அங்கிருந்து கூப்பிடு தூரம். சைக்கிள் மணி கேட்டால் ஒதுங்குங்கள்.

நேரம் இருந்தால் பியூமான்ட் தெருவில் ஆஷ்மோலியன் அருங்காட்சியகம். இலவசம், மாலை 5 மணிக்கு மூடுவார்கள். கல்லூரிகளில் ஒன்றே ஒன்று என்றால் பிராட் தெருவில் பேலியல். அதே தெருவின் கிழக்குக் கோடியில் பழைய இந்தியக் கழகக் கட்டடத்தின் உச்சியில் காற்றுத்திசை காட்டும் யானை ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும், அண்ணாந்து பார்க்கத் தவறாதீர்கள்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

*ஆஷ்மோலியனில் திருமங்கை ஆழ்வார் சிலை பார்க்கலாமா?* அதை நம்பிப் பயணம் வகுக்காதீர்கள். 1967-இல் ஏலத்தில் வாங்கிய அந்த வெண்கலம் 1957-இல் கும்பகோணம் பக்கத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் இருந்ததற்குப் புகைப்படச் சான்று கிடைத்தது. இந்தியாவுக்குத் திருப்பிக் கொடுக்கப் பல்கலைக்கழகம் 2024-இல் இசைந்தது.

*சக்கர நாற்காலியில் அம்மாவை அழைத்துவரலாமா?* காவல்மனை வரை சிரமமில்லை, நடுப்பாதையும் சமாளிக்கலாம். கற்களுக்கு இடையே மேடு பள்ளம், புல். மழை பெய்த மறுநாள் வேண்டாம்.

*டிசம்பரில் வருகிறோம்.* நாலு மணிக்கே இருட்டிவிடும், கல்லறைத் தோட்டத்தைக் காலையிலேயே முடித்துக்கொள்ளுங்கள். போர்ட் மெடோவில் குளிர்காலத்தில் வெள்ளம் தேங்கி ஏரியாகிவிடும், பின்சிப் பக்கம் போக முடியாமல் போகலாம். ரப்பர் பூட்ஸ் இல்லையென்றால் பாலத்தின் மேலிருந்தே பார்த்துவிட்டுக் கரைப்பாதைக்கு இறங்கிவிடுங்கள்.

*கழிப்பறை?* கல்லறைத் தோட்டத்திலும் இல்லை, மேய்ச்சல் வெளியிலும் அதை நம்ப வேண்டாம். நிலையத்திலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். இடையில் தேவைப்பட்டால் வால்டன் தெருவில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்து எழுவதுதான் வழி.