புது நாட்டில் வந்து இறங்கிய கையோடு புற்றுநோய் சிகிச்சையும் என்றால்

வீடு தேடுவது, வங்கிக் கணக்கு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று புதிதாக வருபவர்களுக்கு எல்லாவற்றுக்கும் யாராவது எழுதி வைத்திருக்கிறார்கள். வந்த இடத்தில் பெரிய நோய் ஒன்று வந்துவிட்டால் அன்றாட வாழ்க்கையை எப்படி ஓட்டுவது என்று எழுதியதை நான் தேடியபோது கிடைக்கவில்லை. வந்த 11-வது மாதம் எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அப்போது எனக்கு அந்த நாட்டு மொழி பாதிதான் தெரியும், நட்பு என்று சொல்ல நான்கு பேர், அதிலும் இரண்டு பேர் கணவருடைய அலுவலகத்துக்காரர்கள். சிகிச்சையை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். ஆஸ்பத்திரிக்கு வெளியே இருக்கும் மீதி நேரத்தைத்தான் நாம் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது, அதைப் பற்றித்தான் இது.

முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள். போனில் எழுதினாலும் சரி, ஆனால் எழுதுங்கள். கீமோ பெரும்பாலும் 2 வாரம் அல்லது 3 வாரத்துக்கு ஒருமுறை சுற்றுச் சுற்றாகத் தருவார்கள், ஒவ்வொரு சுற்றிலும் உடம்பு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் ஏறி இறங்குகிறது, அது உங்களுக்குப் பிடிபட்டுவிட்டால் பாதி பயம் போய்விடும். எனக்கு 3 வாரச் சுற்று. மருந்து ஏற்றிய அன்றும் மறுநாளும் கூடவே கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையால் ராத்திரி 2 மணிக்கு அலமாரியை அடுக்கிக்கொண்டிருப்பேன், 4-ம் நாளில் கட்டிலோடு கட்டிலாக ஒட்டிவிடுவேன், 7-ம் நாளில் எழுந்து உட்காருவேன். அதற்கப்புறம் வரும் ஒரு வாரம் உடம்பு தேறிய மாதிரி தெரியும், ஆனால் ரத்தத்தில் தொற்றை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அடிமட்டத்தில் இருப்பது பொதுவாக அப்போதுதான், அதனால் கூட்டத்துக்குள் போகக்கூடாது. 3-வது வாரம் என்னுடைய வாரம். உங்கள் மருந்துக்கு இந்தக் கணக்கு வேறாக இருக்கும். முதல் சுற்று முழுக்க ஒரு நாளைக்கு ஒரு வரி எழுதி வைத்தால் இரண்டாவது சுற்றில் உங்கள் வாரம் எது என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும், அந்த வாரத்தைச் சத்தியம் பண்ணி யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் ரத்தப் பரிசோதனை உண்டு, அணுக்கள் போதவில்லை என்றால் ஒரு வாரம் தள்ளிப்போடுவார்கள், எல்லாத் திட்டமும் நகரும். ரேடியேஷன் வேறு கதை. பெரும்பாலும் வாரத்தில் 5 நாள், பல வாரம், மேஜையில் படுத்திருப்பது சில நிமிடங்கள்தான் என்றாலும் போக வர நாளே போய்விடும். தினமும் ஒரே நேரம் கிடைக்குமா என்று ஆரம்பத்திலேயே கேட்டு வாங்குங்கள், மற்றதையெல்லாம் அதைச் சுற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

வழக்கங்களை விட்டுவிடாதீர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். புதிதாக வந்தவர்களுக்கு விடுவதற்கே இன்னும் வழக்கம் ஒன்றும் உருவாகியிருக்காது, அதுதான் சிக்கல். எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று, புதிதாக வந்தவர்களுக்கான மொழி வகுப்பு. நின்றுவிடலாம் என்று முடிவு செய்து ஆசிரியரிடம் சொல்லப் போனேன். அவர் நாட்காட்டியை எடுத்து மேஜையில் வைத்து, எந்தெந்த வாரம் வர முடியும் என்று மட்டும் கேட்டார். 3-வது வாரங்களில் பென்சிலால் வட்டம் போட்டோம். நேரில் வராத வாரங்களில் முடிந்தால் வீடியோவில், முடியாவிட்டால் அதுவும் இல்லை. கீமோவில் பலருக்கு ஞாபகம் கொஞ்சம் மங்கும், தெரிந்த வார்த்தையே நாக்கில் நின்றுகொண்டு வெளியே வராது, புது மொழியில் கேட்கவே வேண்டாம். ஒருநாள் கதவுக்கு என்ன வார்த்தை என்று மறந்துபோய் கதவையே காட்டிக்கொண்டு நின்றேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த ஒரு மணி நேரம் நான் நோயாளி இல்லை, மோசமான மாணவி, அவ்வளவுதான்.

அசதி பற்றிச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் இதைத்தான் சரியாகப் புரிந்துகொள்வதில்லை. ‘படுத்து ரெஸ்ட் எடு, சரியாப் போயிடும்’ என்பார்கள். இந்த அசதி தூங்கி எழுந்தாலும் போகாது. படுத்தே இருந்தால் கூடவும் செய்யும். அசதியையும் மனப்பதற்றத்தையும் குறைக்க வாரம் 3 முறை, ஒவ்வொரு முறையும் 30 நிமிடம் மிதமான உடற்பயிற்சி உதவும் என்று பல நாட்டு நிபுணர்கள் 2019-ல் பரிந்துரை வெளியிட்டிருக்கிறார்கள். உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள், 30 நிமிடம் என்றதும் மலைக்கவும் வேண்டாம். மோசமான நாட்களில் நான் தபால் பெட்டி வரை போய்த் திரும்பினேன், அதுவும் நடைதான். கூடவே காலையில் உடை மாற்றுவது, ஏதாவது ஒரு சின்ன வேலையை முடிப்பது. துணி மடிப்பதாக இருந்தாலும் சரி. எனக்கு அவ்வளவுதான் பட்டியல்.

அந்த நடையில்தான் எனக்கு ஒரு சிநேகம் கிடைத்தது. எதிர்வீட்டு அம்மா, 70 வயது இருக்கும், என் மொழி அவருக்குத் தெரியாது, அவர் மொழி எனக்கு அரைகுறை. செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்கு வெளியே வந்து நிற்பார். நான் போனால் நடப்போம், ஜன்னலில் கை அசைத்தால் அவர் மட்டும் போவார். ஏன் வரவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை.

மற்ற நண்பர்கள் விஷயத்துக்கு வருகிறேன். எல்லோரும் ‘ஏதாவது வேணும்னா சொல்லுங்க’ என்பார்கள். உண்மையாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியாது, நமக்குக் கேட்கக் கூச்சம், கடைசியில் ஒன்றும் நடக்காது. அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் அந்த நிமிடமே ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: ‘வியாழக்கிழமை பையனைப் பள்ளியிலிருந்து கூட்டிட்டு வர முடியுமா?’ முடியாது என்றால் முடியாது என்பார்கள், ஒன்றும் கெட்டுப்போகாது. எனக்கு அதிகம் பழக்கமில்லாத ஒருவர் நான் கேட்டதும் மாதக்கணக்கில் அதைச் செய்தார். நெருக்கம் என்று நினைத்திருந்த ஒருத்தி இரண்டாவது சுற்றுக்கு அப்புறம் போனே எடுக்கவில்லை. ரொம்ப நாள் மனசு உறுத்தியது. அவள் வீட்டில் இதே நோயால் ஒருவரை இழந்திருக்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. போனால் போகட்டும், ஆனால் கதவைச் சாத்திவிடாதீர்கள்.

நண்பர்களை மொழிபெயர்ப்பாளராகக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். பிள்ளைகளை நிச்சயம் வேண்டாம். பல நாடுகளில் ஆஸ்பத்திரியே மொழிபெயர்ப்பாளரை ஏற்பாடு செய்யும், நேரிலோ போனிலோ, முன்கூட்டியே கேட்க வேண்டும். தப்பாக மொழிபெயர்ப்பார்கள் என்பது மட்டுமில்லை காரணம். உங்கள் ரிசல்ட்டை உங்களுக்கு முன்னால் கேட்ட தோழியால் அன்று சாயங்காலம் உங்களோடு உட்கார்ந்து சாதாரணமாக அரட்டை அடிக்க முடியாது. அரட்டைதான் அவளிடமிருந்து உங்களுக்கு வேண்டியது.

ஊரிலிருந்து வரும் போன்கள் இன்னொரு வேலை. நேர வித்தியாசம் தெரியாமல் விடிகாலையில் அடிப்பார்கள், ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டும், அவர்கள் அழுவார்கள், நாம் தேற்ற வேண்டும். என் தங்கையிடம் பொறுப்பைக் கொடுத்தேன். வாரம் ஒருமுறை அவளிடம் சொல்வேன், அவள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவாள். தெரிந்தவருக்குத் தெரிந்தவருக்கு நடந்த கதைகள், வேர், பொடி, மாத்திரை எல்லாம் வரும். ‘டாக்டரிடம் கேட்டுச் சொல்றேன்’ என்ற ஒரே பதில் போதும், பேச்சு அங்கேயே நின்றுவிடும். நிஜமாகவே கேட்கவும் வேண்டும், சில மூலிகைகள் கீமோ மருந்தோடு மோதும்.

அம்மாவிடம் நான் மறைத்தேன். தூரத்தில் இருக்கிறார், தெரிந்தால் என்ன செய்ய முடியும் என்று நினைத்தேன். முடி கொட்டும் மருந்தாக இருந்தால் முதல் கீமோ முடிந்து 2, 3 வாரத்தில் கொட்ட ஆரம்பிக்கும், எனக்கும் அப்படித்தான், வீடியோ வேண்டாம் சிக்னல் சரியில்லை என்று பத்து நாள் ஓட்டினேன். பதினொன்றாவது நாள், ‘கேமராவைப் போடுடி’ என்றார். போட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ‘காது உங்க அப்பா காது மாதிரியே இருக்கு’ என்றார். எத்தனை ராத்திரி வீணாக்கிவிட்டேன் என்று அப்போது தோன்றியது.

வெள்ளணு குறைந்திருக்கும் நாட்களில் சளி, காய்ச்சல் இருப்பவர்களை வர வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. திறந்த வெளியில் சந்திக்கலாம். மற்றபடி புற்றுநோய் தொற்றாது. வெளியிலிருந்து கொடுக்கும் ரேடியேஷனால் உங்கள் உடம்பிலிருந்து கதிர் எதுவும் வீசாது, குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். கதிரியக்க அயோடின் போன்ற சில சிகிச்சைகளுக்கு மட்டும் சில நாள் விலகி இருக்கச் சொல்வார்கள். வந்த புதிதில் பலரும் ஒரே வீட்டைப் பகிர்ந்துகொள்வோம், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன்: கீமோவுக்குப் பின் சுமார் 48 மணி நேரம் சிறுநீரிலும் வாந்தியிலும் மருந்து வெளியேறும், கழிப்பறை மூடியை மூடிவிட்டுத் தண்ணீர் விடுங்கள், சுத்தம் செய்பவர் கையுறை போடட்டும். கூட இருப்பவர்களிடம் நீங்களே சொல்லிவிட்டால் அவர்களாக ஒன்றைக் கற்பனை செய்து பயப்பட மாட்டார்கள்.

தெர்மாமீட்டர் வீட்டில் கட்டாயம். கீமோ காலத்தில் 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது, ஆஸ்பத்திரி கொடுத்த எண்ணுக்கு உடனே போன். அளந்து பார்ப்பதற்கு முன்னால் பாராசிட்டமால் போட்டுக்கொள்ளாதீர்கள், காய்ச்சலை மறைத்துவிடும். ‘நான் கீமோ எடுத்துக்கொண்டிருக்கிறேன், காய்ச்சல் இருக்கிறது’ என்ற வாக்கியத்தை அந்த நாட்டு மொழியில் எழுதி, எண்ணோடு சேர்த்துக் கதவில் ஒட்டுங்கள். பதற்றத்தில் மொழி வராது.

வேலையில் இருப்பவர்கள் அவசரப்பட்டு ராஜினாமா எழுதாதீர்கள். விடுப்பு, குறைந்த நேர வேலை, விசா எல்லாம் ஒன்றோடொன்று பின்னியிருக்கும், நாட்டுக்கு நாடு மாறும். ஆஸ்பத்திரியில் சமூகப் பணியாளர் இருந்தால் முதலில் அவரைப் பாருங்கள்.

கடைசி நாள் முடிந்ததும் எல்லோரும் வாழ்த்துச் சொல்வார்கள், அதோடு உதவியும் நின்றுவிடும். அசதியோ வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் இருக்கும். பள்ளிக்குப் பையனைக் கூட்டிவர, கடைக்குப் போய்வர வருபவர்களிடம் இன்னும் இரண்டு மாதம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். நான் சொல்லத் தவறினேன். அடுத்த வாரம் போன் மணியே அடிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை 10 மணிக்கு எதிர்வீட்டு அம்மா மட்டும் வழக்கம்போல் வெளியே வந்து நின்றார். சிகிச்சை முடிந்தது அவருக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.