வாக்குத்தத்த அட்டை கைக்கு வந்ததும் என்ன செய்யலாம்?

டிசம்பர் 31 இராத்திரி ஆராதனை முடிந்து, பெங்களூர்க் குளிரில் ஸ்வெட்டரை இழுத்துப் போர்த்திக்கொண்டு லிங்கராஜபுரம் தெருவில் நடந்து வரும்போது, எல்லார் கையிலும் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும், புது வருஷத்துக்கென்று ஒரு வேத வசனம் அச்சிட்ட சின்ன அட்டை. "உனக்கு என்ன வசனம் வந்தது?" என்று கேட்டுக்கொண்டே வருவோம். ஒரு வருஷம் எனக்கு எரேமியா 29:11 வந்தது. அப்போது அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வரியை, அப்பா பிழைத்துவிடுவார் என்றே நான் வாசித்தேன். ஏப்ரலில் அப்பா போய்விட்டார். அப்புறம் பல மாதம் அந்த அட்டையைப் பார்க்கவே மனசு வரவில்லை. ஒரு நாள் அதே அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து வாசித்தபோதுதான், ஆண்டவர் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக நானே எடுத்துக்கொண்டது புரிந்தது. வேறு யாரும் அப்படி உடைந்துபோகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

வசனம் கைக்கு வந்ததும் முதலில் அந்த அதிகாரத்தை முழுசாக வாசியுங்கள், முடிந்தால் முந்தின அதிகாரத்தையும் சேர்த்து. எரேமியா 29 ஒரு கடிதம். பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து தன் தேசத்துக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோன மக்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதி அனுப்பியது. முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பி வந்துவிடுவார்கள் என்கிறான், கேட்க இனிப்பாக இருக்கிறது. ஆனால் கர்த்தர் சொன்ன கணக்கு 70 வருஷம், அது 10-ஆம் வசனத்திலேயே இருக்கிறது, நம் அட்டையில் இருக்கும் வசனத்துக்கு நேர் மேலே. அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே கண்மூடியிருப்பார்கள். அப்படியும் அது நம்பிக்கையின் கடிதம்தான், உடனே எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இல்லை, அவ்வளவே.

அடுத்து, அந்த வசனம் "நீ" என்கிறதா "நீங்கள்" என்கிறதா என்று பாருங்கள். இந்த விஷயத்தில் தமிழ் வேதாகமம் வாசிக்கிற நமக்கு ஒரு பெரிய வசதி உண்டு, இன்றைய ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல். நம் பழைய மொழிபெயர்ப்பில் மரியாதைக்காக நீங்கள் போடும் பழக்கம் இல்லை, ஒருவரிடம் பேசினால் நீ, மரியாதைக்கு நீர். யோசுவாவிடம் "பலங்கொண்டு திடமனதாயிரு" என்கிறது, அது ஒருமை. எரேமியா 29:11-இல் "உங்கள்பேரில்" என்று வருகிறது, அது ஒரு கூட்டத்துக்கே சொன்னது. அதை என் குடும்பத்துக்கு மட்டும், என் வீட்டுக் கடனுக்கு மட்டும், என் விசாவுக்கு மட்டும் என்று சுருக்கிக்கொள்வது சரியில்லை.

சொற்களையும் கவனியுங்கள். நம்மில் பலர் வைத்திருப்பது 1871-இல் வெளிவந்த மொழிபெயர்ப்பின் வழி வந்தது, அதற்குப் பிறகு தமிழ் எவ்வளவோ மாறிவிட்டது. 1 பேதுரு 2:11-இல் "அந்நியர்களும் பரதேசிகளுமாயிருக்கிற நீங்கள்" என்று வாசித்தால் இன்றைய பிள்ளைகளுக்கு அது திட்டு மாதிரி கேட்கும், அங்கே அதன் பொருள் வேறு தேசத்திலிருந்து வந்து தங்கியிருப்பவர் என்பதுதான். இப்படிச் சந்தேகம் வந்தால் 1995-இல் வந்த திருவிவிலியம் என்ற புதிய தமிழ் மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரர் கத்தோலிக்க நண்பரிடம் அதை இரவல் வாங்கிப் படிப்பதில் ஒரு குறையும் இல்லை.

சரி, இது எல்லாம் பாபிலோனில் இருந்தவர்களுக்கு என்றால் நமக்கு என்ன? இங்கேதான் அவசரப்படக் கூடாது. நாம் சிறைப்பட்டு வந்தவர்கள் இல்லை, வேலை தேடி வந்தோம், 1809-இல் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கண்டோன்மென்ட் வந்ததை ஒட்டி வந்து தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆகவே அந்த 70 வருஷம் நமக்கான கணக்கு இல்லை. ஆனால் பேதுரு எல்லா விசுவாசிகளையும் பரதேசிகள் என்கிறார், பவுல் தேவனுடைய வாக்குத்தத்தங்கள் எல்லாம் கிறிஸ்துவுக்குள் ஆம் என்கிறார், அந்த வழியாகத்தான் இந்தக் கடிதம் நம் வீட்டுக்கு வந்து சேருகிறது. வந்து சேரும்போது 11-ஆம் வசனம் மட்டும் வராது, 7-ஆம் வசனமும் கூடவே வரும்: அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள், அதற்காக விண்ணப்பம் பண்ணுங்கள், "அதற்குச் சமாதானமிருக்கையில் உங்களுக்கும் சமாதானமிருக்கும்". இரண்டு வசனத்திலும் மூல எபிரெயச் சொல் ஒன்றே, ஷாலோம், சண்டை இல்லாமல் இருப்பதோடு எல்லாம் நலமாக இருப்பதையும் குறிக்கும் சொல். நமக்குச் சமாதானம் வேண்டும் என்று அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொள்கிற நாம் பட்டணத்தின் சமாதானத்தை மறந்துவிடுகிறோம்.

2016 செப்டம்பரில் காவிரிப் பிரச்சினையில் இங்கே தமிழ்நாட்டுப் பதிவெண் பேருந்துகள் எரிந்தபோது, நம் பாதுகாப்புக்காக ஜெபித்தோம், அது சரிதான். தெருமுனையில் கோபமாக நின்ற பையன்களின் பெயரைச் சொல்லி யாராவது ஜெபித்தோமா? நான் ஜெபிக்கவில்லை. 2024 கோடையில் போர்வெல் வற்றி டேங்கருக்குக் காத்திருந்தபோது கன்னடக்காரர், தமிழர் என்ற வித்தியாசம் இல்லாமல் ஒரே தவிப்புத்தான், ஏழாம் வசனம் எனக்கு நிஜமாகப் புரிந்தது அந்த மாதங்களில்தான். அப்புறம்தான் மாடிவீட்டு அம்மாவிடம் கன்னடத்திலேயே பேசப் பழகினேன், தப்பும் தவறுமாகத்தான். புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் எங்கள் வார்டு துப்புரவுப் பணியாளர்களுக்காகப் பெயர் சொல்லி ஜெபிக்கிறோம், பெயர் தெரிய வேண்டுமானால் முதலில் காலையில் கீழே இறங்கி அவர்களிடம் பேச வேண்டும்.

கடைசியாக, நீங்கள் புரிந்துகொண்டதைத் தனியாக முடிவு செய்துவிடாதீர்கள், ஆயரிடமோ சபையில் நன்றாக வாசிக்கிற ஒரு மூத்தவரிடமோ சொல்லிப் பாருங்கள், முக்கியமாக அந்த வசனத்தை நம்பி வேலையை விடவோ மருந்தை நிறுத்தவோ நினைத்தால். வசனம் அப்படிச் சொல்லியிருக்காது.

அப்பாவின் வருஷத்து அட்டை இன்னும் என் வேதாகமத்துக்குள் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில் ஏழாம் வசனத்தைப் பென்சிலால் எழுதி, கீழே எங்கள் தெருவின் பெயரையும் எழுதி வைத்திருக்கிறேன்.